அம்மாவின் குரல் ஒன்றரை நொடி நின்ற இடம்

"அவ முன்ன மாதிரி இல்லப்பா. எதைக் கேட்டாலும் யோசிச்சு யோசிச்சுத்தான் பதில் சொல்றா. என்னமோ மறைக்கிறா."

அம்மா இதைச் சொன்னது 2021 ஐப்பசியில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஓர் இரவில். அக்கா டொராண்டோவில் இருக்கிறாள். மதுரையில் இரவு எட்டரை என்றால் அங்கே காலை பதினொன்று. அந்த நேரத்தில்தான் இரண்டு பேருக்கும் கை ஒழியும். தினமும் வாட்ஸப்பில் அரைமணி நேரம் பேசுவார்கள். அப்பா போன பிறகு அம்மாவின் நாள் முழுக்க அந்த அரைமணியை நோக்கித்தான் நகர்ந்தது.

மறுநாள் நான் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். "சாப்பிட்டியாடி?" என்று அம்மா கேட்பார். பதில் வராது. ஒரு நொடி, இரண்டு நொடி. "லைன்ல இருக்கியா?" என்று அம்மா ஆரம்பிக்கும்போது, "சாப்பிட்டேம்மா" என்று அக்காவின் குரல் அதன்மேல் வந்து விழும். இருவரும் நிறுத்துவார்கள். இருவரும் மறுபடி ஒன்றாக ஆரம்பிப்பார்கள். குரல் உடையவில்லை, கரகரக்கவில்லை. பக்கத்து அறையிலிருந்து பேசுவது போலத் தெளிவாக இருந்தது. அதனால்தான் யாருக்கும் நெட்மேல் சந்தேகம் வரவில்லை. தாமதத்தை அம்மா ஒரு மனுஷியின் தயக்கமாகப் புரிந்துகொண்டார். டொராண்டோவில் அக்காவும், அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டதோ என்று பயந்துகொண்டிருந்தாள்.

நான் ஒரு கல்லூரியில் நெட்வொர்க் பார்த்துக்கொள்கிறவன். எனக்கும் முதலில் தோன்றியது வேகம்தான். இணைப்பு கொடுத்தவர்களிடம் புகார் சொன்னேன். பகல் பதினொரு மணிக்கு ஒரு பையன் வந்து, ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டினான். "அண்ணே, அம்பது எம்பி பிளான். அம்பதும் வருது பாருங்க." உண்மை, வந்தது. மேலே போகும் பக்கம் (அப்லோடு) 5 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 5 மெகாபிட், அதுவும் சொன்னபடியே வந்தது. அவன்மேல் எந்தத் தவறும் இல்லை. அவன் கையில் இருந்த அளவுகோல் அப்படி.

இரவு எட்டரைக்குத்தான் விஷயம் பிடிபட்டது. லேப்டாப்பில் பிங் ஓடவிட்டு, நெட் கம்பெனியின் முதல் கணுவுக்கு, அதாவது அவர்கள் பக்கத்து முதல் கருவிக்கு, ஒரு சின்னச் செய்தி போய்வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். 14 மில்லிநொடி, 14, 15. மனைவி சமையலறையை ஒழித்துவிட்டு வந்து போனைச் சார்ஜில் போட்டாள். திரையில் எண்கள் ஏற ஆரம்பித்தன. 90. 400. 900. 1,600-ஐத் தொட்டு அங்கேயே நின்றுவிட்டது. சார்ஜில் போட்டதும் அன்று எடுத்த போட்டோக்களும் வீடியோக்களும் தாமாகவே மேலே ஏறத் தொடங்கும். அது முடிய அரைமணிக்கு மேல் ஆகும். அம்மாவின் அரைமணியும் அதுவும் ஒன்றே.

பிங்கை நிறுத்தியதும் கீழே கணக்கு வந்தது: தொலைந்த பாக்கெட்கள் 0 சதவீதம். நெட்டில் எதுவும் சிறு துண்டுகளாகத்தான் போகும், அந்தத் துண்டுதான் பாக்கெட். அந்தச் சுழியத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுகூடத் தொலையவில்லை. நோயே அதுதான்.

'பஃபர் ஆகுது' என்று நாம் சொல்வது வீடியோ சுற்றிக்கொண்டு நிற்பதை. நான் சொல்லும் பஃபர் வேறு. ஒவ்வொரு மோடத்திலும், ரௌட்டரிலும், ஸ்விட்சிலும் கொஞ்சம் நினைவகம் இருக்கும். உள்ளே வரும் வழி அகலமாகவும் வெளியே போகும் வழி குறுகலாகவும் இருக்கும் இடத்தில், வந்த பாக்கெட்கள் தம் முறை வரும்வரை அதில் காத்திருக்கும். வீட்டுக்குள் வைஃபை நூறு எம்பியில் தள்ளுகிறது, மோடம் ஐந்தில்தான் வெளியே அனுப்ப முடிகிறது. மிச்சம் பஃபரில் நிற்கிறது.

திருமலையில் வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸ் கூண்டுகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கூண்டுகளை இன்னும் பத்து கட்டினால் வெயிலிலும் மழையிலும் நிற்பவர்களுக்கு நிழல் கிடைக்கும். ஆனால் சன்னதி முன்னால் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் கடக்க முடியுமோ அத்தனை பேர்தான் கடப்பார்கள். கூண்டு பெரிதானால் காத்திருப்புதான் நீளும்.

வெளியில் நின்றபடியே அந்தக் கூண்டின் கொள்ளளவைக் கணக்குப் போட்டுவிடலாம் என்பது எனக்கு அன்றைக்கும் பிடித்திருந்தது, இன்றைக்கும் பிடிக்கிறது. நொடிக்கு 5 மெகாபிட் வெளியேறும் வாசலில் 1.6 நொடி காத்திருக்கிறோம் என்றால், நமக்கு முன்னால் 8 மெகாபிட் நிற்கிறது. எட்டு பிட் ஒரு பைட், அதாவது ஒரு மெகாபைட். 1,500 பைட் பாக்கெட்களாக எண்ணினால் ஏறக்குறைய 670. அம்மா பேசும்போது 20 மில்லிநொடிக் குரல் ஒரு பாக்கெட்டாகிறது, அது 200 பைட்கூடத் தேறாது. அந்தச் சின்னத் துணுக்கு ஒவ்வொன்றும், ஒரு குழந்தை கடோத்கஜன்கள் பின்னால் நிற்பது போல, 670 போட்டோத் துண்டுகளுக்குப் பின்னால் நின்றிருக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 1.6 நொடியில் பூமியை எட்டு முறை சுற்றிவந்துவிடும். அந்த நேரம் முழுவதும் அம்மாவின் குரல் எங்கள் வீட்டு டிவி அலமாரி மேலிருந்த மோடத்தைத் தாண்டவில்லை.

சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை, பேச்சு இயல்பாக இருக்க ஒரு வழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்கிறது, 400-ஐத் தாண்டவே கூடாது என்கிறது. அதற்கு மேல் போனால் மனிதர்கள் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொள்ள ஆரம்பிக்கிறார்கள். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

ஏன் அவ்வளவு பெரிய பஃபர்? அது ஏன் எப்போதும் நிரம்பியே இருக்க வேண்டும்? இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பதில் அழகானது.

போட்டோ அனுப்பும் போனுக்கு, வழியில் எவ்வளவு அகலமான குழாய் இருக்கிறது என்று தெரியாது. யாரும் சொல்வதும் இல்லை. அது டிசிபி என்ற இணைய அனுப்பல் விதிப்படி கொஞ்சம் அனுப்பிப் பார்க்கும். 'கிடைத்தது' என்று ஒப்புகை வந்தால் இன்னும் அதிகமாக அனுப்பும். எப்போதாவது ஒரு பாக்கெட் தொலைந்தால், வழி நிரம்பிவிட்டது என்று எடுத்துக்கொண்டு சட்டென்று குறைக்கும். பழைய டிசிபி பாதியாகக் குறைக்கும், 2006 முதல் லினக்ஸ் இயங்குதளத்தில் இயல்பாக இருக்கும் க்யூபிக் என்ற வகை 30 சதவீதம் குறைக்கும். பிறகு மெல்ல மறுபடி ஏறும். உலகம் முழுவதும் கோடிக்கணக்கான கருவிகள், மேலே ஒரு மேஸ்திரி இல்லாமல், இப்படித் தொலைந்த பாக்கெட்டை மட்டும் வைத்து ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்துப் போகின்றன. இணையம் நிற்பதே இந்த விட்டுக்கொடுத்தலில்தான்.

அது இல்லாதபோது என்ன நடந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, வெறும் 400 கெஜ தூரத்தில், நொடிக்கு 32,000 பிட் ஓடிக்கொண்டிருந்த தொடர்பு 40 பிட்டுக்குச் சரிந்தது. எண்ணூறில் ஒரு பங்காகிவிட்டது. நெரிசலில் பதில் வரத் தாமதமானதும் கணினிகள் அனுப்பியதையே திரும்ப அனுப்பின. அது நெரிசலை இன்னும் கூட்டியது. வான் ஜேக்கப்சனும் மைக்கேல் கரெல்ஸும் 1988-இல் வெளியிட்ட கட்டுரையில்தான் மேலே நான் சொன்ன விட்டுக்கொடுக்கும் முறை முழுவடிவம் பெற்றது.

ஆக, ஒரு பாக்கெட் தொலைவது விபத்து இல்லை. அது ஒரு செய்தி. 'போதும், கொஞ்சம் பொறு' என்று அனுப்புகிறவருக்குப் போகும் ஒரே தகவல். எங்கள் மோடம் அந்தச் செய்தியை விழுங்கிக்கொண்டிருந்தது. எதையும் தொலைக்காமல், வந்ததையெல்லாம் வாங்கி அடுக்கிக்கொண்டே போனது. போன், 'ஆகா, வழி காலியாக இருக்கிறது' என்று இன்னும் தள்ளியது. கடைசியில் பஃபர் நிரம்பி ஒன்று விழுந்தாலும், அந்தச் செய்தி போய்ச் சேர ஒன்றரை நொடிக்கு மேல் ஆகும். போன் கொஞ்சம் குறைக்கும், மறுபடி நிரப்பும்.

அப்படியானால் பஃபரே வேண்டாமா? வேண்டும். பஃபர் மிகச் சிறிதாக இருந்தால் வேறொரு சிக்கல் வரும். பாதியாகக் குறைக்கும் டிசிபி, குறைத்த கணத்தில் வழியைக் காலியாக விட்டுவிடும், பேண்ட்வித் (ஒரு நொடியில் எவ்வளவு போக முடியும் என்ற அளவு) வீணாகும். அந்த இடைவெளியில் வழியை நிரப்பிவைக்க, பேண்ட்வித்தைப் போய்வரும் நேரத்தால் பெருக்கினால் வரும் அளவுக்குச் சரக்கு கையிருப்பில் இருந்தால் போதும். 1994-இல் வில்லாமிசாரும் சாங்கும் ஒரு சில டிசிபி ஓட்டங்களை (ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும் தொடர்களை) வைத்து இதைச் சோதித்துக் காட்டினார்கள். அதன் பிறகு வெகுகாலம் ரௌட்டர் செய்கிறவர்களுக்கு இதுவே வாய்ப்பாடு. 10 ஜிகாபிட் இணைப்பு, 250 மில்லிநொடிப் பயணம் என்றால் 2.5 ஜிகாபிட் பஃபர்.

2004-இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து அப்பென்செல்லர், கெஸ்லாசி, மெக்கியோன் மூவரும் இந்த வாய்ப்பாட்டையே அசைத்தார்கள். ஒரு பெரிய இணைப்பில் ஐம்பதாயிரம் ஓட்டங்கள் கலந்து போகும்போது எல்லாம் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்து ஒரே நேரத்தில் விடுவதில்லை. ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கும். அதனால் பழைய அளவை ஓட்டங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் போதும். 2.5 ஜிகாபிட் வேண்டிய இடத்தில் சுமார் 10 மெகாபிட். பஃபர் என்றால் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்று நினைத்திருந்த எனக்கு இந்தக் கணக்கு ஒரு கதவைத் திறந்தது.

எங்கள் வீட்டில் ஓட்டம் ஒன்றே ஒன்று, மனைவியின் போன். அங்கே வர்க்கமூலச் சலுகை கிடையாது. பழைய வாய்ப்பாட்டையே போட்டுப் பார்த்தாலும், 5 மெகாபிட்டுக்கும் 100 மில்லிநொடிக்கும் 42 பாக்கெட்கள் போதும். மோடத்தில் இருந்தது 670.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்று யோசித்தால் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நினைவகம் மலிந்துவிட்டது. தொலைந்த பாக்கெட் என்றால் குறைபாடு என்று வாங்குகிறவரும் விற்கிறவரும் நம்பினார்கள். அதைவிட முக்கியம், மோடத்தை வடிவமைக்கிறவர் அது தாங்கக்கூடிய உச்ச வேகத்தை மனதில் வைத்துப் பஃபரை வைக்கிறார். 100 எம்பிபிஎஸ்ஸில் ஒரு மெகாபைட் என்பது 80 மில்லிநொடி, ஒரு குறையும் சொல்ல முடியாது. அதே பெட்டியை 5 எம்பிபிஎஸ் பிளானில் மாட்டும்போது அது 1.6 நொடியாகிறது. லினக்ஸில் நெடுங்காலம் ஈதர்நெட் என்ற கம்பி இணைப்பின் வரிசைக்கு இயல்பாக இருந்த நீளம் 1,000 பாக்கெட். ஜிகாபிட்டில் 12 மில்லிநொடி. ஒரு எம்பிபிஎஸ்ஸில் 12 நொடி. பஃபரை பைட்டில் விற்கிறார்கள். நாம் அதை நேரமாக அனுபவிக்கிறோம். பைட்டை நேரமாக மாற்றும் எண் பேண்ட்வித், அது வீட்டுக்கு வீடு வேறு.

இந்த நோய் வெகுநாள் வெளியே தெரியாமல் இருந்ததற்கு விண்டோஸ் எக்ஸ்பியும் ஒரு காரணம். அதன் இயல்பு அமைப்பில் ஒரே நேரத்தில் வழியில் விடக்கூடியது 64 கிலோபைட்டுக்குள்தான். அவ்வளவு சின்ன வாளியால் பெரிய பஃபர்களை நிரப்ப முடியவில்லை. புதிய இயங்குதளங்கள் அந்தக் கட்டை அவிழ்த்தன. 2010-இல் அப்போது பெல் ஆய்வகத்தில் இருந்த ஜிம் கெட்டிஸ், தன் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது தாமதம் ஒரு நொடிக்கு மேல் ஏறுவதைக் கண்டார். வலைத்தளங்கள் இயங்கும் எச்டிடிபி 1.1 விதிகளை எழுதியவர்களில் ஒருவர் அவர். தன் வீட்டு நெட்டை அவர் சும்மா விடவில்லை. இதற்கு 'பஃபர்ப்ளோட்' என்று பெயர் வைத்தார். பஃபர் ஊதிப்போதல். நான் அதை 'பஃபர் வீக்கம்' என்று சொல்லிக்கொள்கிறேன். வீக்கம் உடம்பு பெருத்தது போலத் தெரியும், ஆனால் சதை இல்லை.

அவருக்கு முன்பே, 1985 டிசம்பரில் ஜான் நேகிள் எழுதிய ஆர்எஃப்சி 970 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தில் இதன் வேர் இருக்கிறது. ஒரு ஸ்விட்சுக்கு எல்லையற்ற நினைவகம் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். பாக்கெட்களுக்கு ஆயுள் உண்டு. வரிசை நீள நீள, ஒவ்வொன்றும் தன் முறை வருவதற்குள் காலாவதியாகிவிடும். எதையும் தூக்கியெறியாத பெட்டி, கடைசியில் எல்லாவற்றையும் தூக்கியெறியும். தீர்வையும் அவரே சொன்னார். அனுப்புகிற ஒவ்வொருவருக்கும் தனி வரிசை, முறைவைத்து ஒன்றொன்றாக அனுப்புவது. எங்கள் பக்கத்துக் கண்மாய்ப் பாசனத்தில் மடைக்கு மடை முறைத்தண்ணீர் விடுவது இதே ஏற்பாடுதான். பெரிய பண்ணைக்காரன் வயல் நிரம்பும்வரை சின்னக் கொல்லைக்காரன் காத்திருக்க வேண்டியதில்லை.

முறைத்தண்ணீர் போல வரிசைகளைப் பிரித்தாலும், ஒரு வரிசை எப்போது அளவுக்கு மீறுகிறது என்று எப்படி முடிவுசெய்வது? 1993-இல் சாலி ஃபிளாய்டும் ஜேக்கப்சனும் ரெட் என்ற முறையைத் தந்தார்கள். வரிசையின் சராசரி நீளத்தைப் பார்த்து முன்கூட்டியே சில பாக்கெட்களைத் தூக்கியெறிவது. யோசனை சரி. ஆனால் ஒவ்வொரு இணைப்புக்கும் ஏற்றபடி எண்களைத் திருகி வைக்க வேண்டியிருந்தது, பெரும்பாலானோர் அதை அணைத்தே வைத்தார்கள்.

2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் ஜேக்கப்சனும் கொண்டுவந்த கோடெல் இந்த முடிச்சை அவிழ்த்தது. என் மனதுக்கு மிக நெருக்கமான வழிமுறை அது. எத்தனை பாக்கெட் நிற்கிறது என்று அது எண்ணுவதே இல்லை. உள்ளே வரும் ஒவ்வொன்றின்மேலும் நேரத்தைக் குறித்துவிடும். வெளியே போகும்போது எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கும். பிறகு, கடந்த 100 மில்லிநொடியில் மிகக் குறைவாக நின்ற பாக்கெட்கூட 5 மில்லிநொடிக்கு மேல் நின்றதா என்று மட்டும் கேட்கும். பஸ்ஸிலிருந்து ஒரே நேரத்தில் நாற்பது பேர் இறங்கி டீக்கடைமுன் நின்றால் அது கோளாறு இல்லை, சற்று நேரத்தில் கலைந்துவிடும். எப்போது பார்த்தாலும் யாராவது நின்றுகொண்டே இருந்தால்தான் கோளாறு. கலையும் வரிசையையும் கலையாத வரிசையையும் அந்த ஒரே எண், குறைந்தபட்சக் காத்திருப்பு, பிரித்துக் காட்டிவிடுகிறது. கலையவில்லை என்றால் ஒரு பாக்கெட்டைத் தூக்கியெறியும். அனுப்புகிறவர் குறைக்கவில்லை என்றால் இன்னும் சீக்கிரமாக அடுத்ததையும் தூக்கியெறியும். நேரத்தை அளப்பதால் பேண்ட்வித் எதுவாக இருந்தாலும் அதே 5-உம் 100-உம் பொருந்துகிறது.

எரிக் டூமசே இதை நேகிளின் தனிவரிசைகளோடு இணைத்து லினக்ஸில் சேர்த்தார். எஃப்க்யூ-கோடெல் என்று பெயர், இயல்பாக 1,024 வரிசைகள். அதில் கொஞ்சமாகப் பேசுகிற ஓட்டங்களுக்கு முதல் முறை கிடைக்கும். குரல் எது, போட்டோ எது என்று யாரும் அதற்குச் சொல்லித் தர வேண்டாம். நிரப்பிக்கொண்டே இருப்பவனின் வரிசை நீள்கிறது, எப்போதாவது ஒன்று அனுப்புகிறவன் நேராகப் போய்விடுகிறான்.

இதையெல்லாம் வீட்டு ரௌட்டர்களுக்குள் கொண்டுவர வருடக்கணக்கில் அலைந்தவர் டேவ் டாட். பணக்கார ஆய்வகத்துக்கு வேண்டியது தானாக வரும், மலிவு ரௌட்டர் வைத்திருப்பவனுக்கு யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். அவரும் நண்பர்களும் எழுதினார்கள், இலவசமாகக் கொடுத்தார்கள். 2025 ஏப்ரலில் அவர் மறைந்த செய்தியைப் படித்தபோது, முகம் பார்க்காத ஒருவருக்காக அன்றைக்கு என்னால் வேலையில் உட்கார முடியவில்லை.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். முதலில் பிளானை 100-க்கு ஏற்றினேன். மேலே போவது 10 ஆனது. அதே ஒரு மெகாபைட், 0.8 நொடி. காசு கொடுத்து நோயைப் பாதியாக்கினேன், அவ்வளவுதான். பிறகு ஒரு பழைய ரௌட்டரில் ஓப்பன்-டபிள்யூஆர்டி என்ற இலவச ரௌட்டர் மென்பொருளை ஏற்றி, மோடத்துக்கு முன்னால் வைத்தேன். மேலே போகும் வேகத்தை வேண்டுமென்றே 9 எம்பிபிஎஸ் என்று கட்டினேன். மோடத்துக்குள் என்னால் கைவைக்க முடியாது. ஆனால் மோடம் தாங்குவதைவிடக் கொஞ்சம் குறைவாகவே அதற்கு ஊட்டினால் அதன் பஃபர் நிரம்பவே நிரம்பாது. வரிசை என் ரௌட்டருக்கு வந்துவிடும். அங்கே கோடெல் இருக்கிறது. பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்ததற்கு, போட்டோ ஏறிக்கொண்டிருக்கும்போதே பிங் 21-இல் நின்றது.

இணைப்பு இன்னும் வேகமானால் நெரிசல் வைஃபைக்கு நகரும், அங்கே வேறு வேலை இருக்கிறது. 2016-இல் கூகுள் கொண்டுவந்த பிபிஆர், தொலைவதற்குக் காத்திராமல் அனுப்புகிறவரே பேண்ட்வித்தையும் தாமதத்தையும் அளந்து நடக்கப் பார்க்கிறது. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். இதைப் படிப்பவர்கள் இன்றிரவு ஒன்று செய்துபாருங்கள்: ஒரு பெரிய வீடியோவை மேலே ஏற்றிக்கொண்டே பிங் போட்டுப் பாருங்கள். சும்மா இருக்கும்போது போட்ட ஸ்பீடு டெஸ்ட் காட்டாததை அது காட்டும்.

ரௌட்டரை மாட்டிய அன்று நான் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. எட்டரைக்கு அக்கா அழைத்தாள். போன் சார்ஜில் இருந்தது, போட்டோக்கள் ஏறிக்கொண்டிருந்தன. தாத்தா வீட்டு மாமரத்தை வெட்டியது யார் என்று பேச்சு திரும்பியது. அம்மா ஒன்று சொல்ல, முடிப்பதற்குள் அக்கா "இல்லவே இல்லம்மா" என்று பாய, அம்மா விடாமல் மேலே பேச, இருவர் குரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கியது. பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"குறுக்க குறுக்க பேசாதடி," என்றார் அம்மா. "நான் சொல்லி முடிச்சுக்கிறேன்."